அழகென்று வாங்கிய ஆக்கிரமிப்பு

“இது கெதியாகப் படரும், ஐயா, வளவு முழுவதையும் மூடிவிடும்.” கன்று விற்றவர் பெருமையாகச் சொன்னார். நான் அதை எச்சரிக்கையாகக் கொண்டிருக்க வேண்டும்.

மஞ்சட்பூ வெடேலியாவை என் முற்றத்தில் நட்டவன் நானேதான். நம் பொற்றலைக் கையாந்தகரையின் உறவுதானே என்று ஏமாந்தேன். வெப்பமண்டல அமெரிக்காவுக்குரிய இச்செடி, உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் உள்ளது. கணு மண்ணைத் தொட்டால் வேர்விடும். நான் வெட்டி எறிந்த துண்டுகள் வேலிக்கு அப்பால் வாய்க்காலோரத்தில் தழைத்தன.

1826 இல் பேராதனைப் பூங்காவுக்கு அலங்காரச் செடியாக வந்த நாயுண்ணி, பின்னர் நாடெங்கும் புதராக மண்டியது. அந்தப் பாடத்தை நாம் இன்னும் படிக்கவில்லை.

வெறுநிலத்தை மழை அரிக்குமே என்பர். மெய்தான். ஈரமும் நிழலுமுள்ள இடத்துக்கு வல்லாரை இருக்கிறது. வெயிலுக்குப் பொடுதலை இருக்கிறது. அவையும் படர்பவைதாம். ஆனால் அவை இம்மண்ணுக்குரியவை. வல்லாரை மிஞ்சினால் சம்பலாகும்.

கன்றின் விலையை எழுதுபவர்கள் அதன் குணத்தையும் எழுதட்டும். எழுதாவிடின், கேட்பது நம் கடமை. வேலி என் காணிக்குத்தான் எல்லை, வெடேலியாவுக்கு அன்று.