வெயில் காலப் பிரயாணம்



கோடை விடுமுறையில் மும்பை, டெல்லி, நாக்பூர் போன்ற நகரங்களிலுள்ள நம் சபைகள் கன்வென்ஷன் கூட்டங்களுக்குப் பேருந்து அமர்த்திப் புறப்படுகின்றன. ஏ.சி. பேருந்துக்குப் பணம் போதாமல் சாதாரணப் பேருந்தே பலமுறை அமர்த்தப்படுகிறது. அதில் தவறில்லை. ஆனால் அதில் ஏறும் முதியோரும் சிறுபிள்ளைகளும், ஒழுங்குசெய்கிறவர்களின் கையில் கர்த்தர் ஒப்புவித்த ஆத்துமாக்கள்.

சரீரம் குளிரத் தேவன் வைத்த வழி வியர்வை. அது உலரும்போதே உஷ்ணம் தணியும். மும்பையின் ஈரக்காற்றில் வியர்வை எளிதில் உலராது. அங்கே ஜன்னல்களையெல்லாம் திறந்து காற்றோட்டம் உண்டாக்க வேண்டும். நாக்பூர், டெல்லிப் பக்கங்களில் 40 டிகிரி செல்சியசைத் தாண்டிய வறண்ட அனல்காற்று சரீரத்தைச் சூடாக்கும். அங்கே வெயில் படும் பக்கத்தில் திரையிட்டு, ஜன்னலைப் பாதி மூடி, நனைத்த பருத்தித் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொள்வது நல்லது.

விடியுமுன் புறப்படுங்கள்; நண்பகலில் நிழலில் தங்குங்கள். தெற்கு நோக்கிச் செல்லும் பேருந்தில் காலையில் இடப்பக்கமும் பிற்பகலில் வலப்பக்கமும் வெயில் விழும். முதியோரை எதிர்ப்பக்கத்தில் அமர்த்துங்கள். தாகம் எடுக்குமுன்னே தண்ணீரோ மோரோ கொடுங்கள். கழிப்பறைக்குப் பயந்து சகோதரிகள் தண்ணீர் குடியாதிருப்பார்கள். அவர்களுக்காகவே அடிக்கடி நிறுத்துங்கள். நிற்கும் பேருந்தில் உறங்கும் பிள்ளையை விட்டு இறங்காதேயுங்கள்.

ஒருவர் வெயிலில் தடுமாறி, சம்பந்தமில்லாமல் பேசினால், அதை அசுத்த ஆவியின் கிரியை என்று எண்ணித் தாமதிக்கவேண்டாம். அது உயிரைப் பறிக்கும் வெப்பத் தாக்கமாயிருக்கலாம். உடனே நிழலில் கிடத்தி, சரீரமெங்கும் தண்ணீர் ஊற்றி, விசிறுங்கள். 108 அல்லது 112-ஐ அழையுங்கள். நினைவு தெளியாதவர் வாயில் தண்ணீர் ஊற்றலாகாது.

அப்படியானால் ஜெபம் வேண்டாமா? 2 இராஜாக்கள் 4-ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். அறுப்பு நாளில் வயலுக்குப் போன சூனேமியாளின் மகன் தலைநோவென்று கதறி, மத்தியானத்தில் தாயின் மடியில் மரித்தான். எலிசா கதவைப் பூட்டி ஜெபித்தான். ஜெபித்தவன் எழுந்து, அந்தப் பிள்ளையின் கைகள்மேல் தன் கைகளையும் வைத்தான். ஜெபிக்கிற நாவும் தண்ணீர் ஊற்றுகிற கையும் ஒரே விசுவாசத்தின் கிரியைகளே.

கர்த்தர் உங்கள் பிரயாணங்களை வாய்க்கப்பண்ணுவாராக. ஆமென்.