எங்க வீட்டுக் காப்பி ஆகாதா கண்ணு?

போன தை மாசம் ஊருக்குப் போயிருந்தேன். ஊர்னா தம்மம்பட்டி. சேலம் மாவட்டத்தோட கிழக்கு ஓரம். ஒரு பக்கம் கொல்லிமலை, இன்னொரு பக்கம் பச்சமலை. மரச் சிற்பத்துக்குப் பேர் போன ஊர். எங்க வீட்டிலயும் அதே தொழில்தான். அப்பா இன்னிக்கும் வாகை மரத்துல சாமி செதுக்குறவர். நான் மட்டும் உளி பிடிக்காம கோயமுத்தூர்ல ஒரு கம்பெனியில கணக்கு எழுதிப் பொழைக்கிறேன்.

பள்ளிக்கூடத்துல கூடப் படிச்ச நண்பன் ஒருத்தன் காலனியில இருக்கான். ரொம்ப வருஷம் கழிச்சு அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். பக்கத்து வீட்டுல பால் வாங்கிட்டு வந்து காப்பி போட்டு, எவர்சில்வர் டம்ளர்ல நுரை ததும்ப நீட்டினாங்க. நான் வழக்கம் போல, "வேண்டாங்கம்மா, நான் குடிக்கிறதில்ல"ன்னுட்டேன். அந்தம்மா முகம் சட்டுனு வாடிப் போச்சு. "எங்க வீட்டுக் காப்பி ஆகாதா கண்ணு?"ன்னு ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாங்க. எனக்கு நாக்கு எழவே இல்ல. "அப்படியெல்லாம் இல்லம்மா"ன்னு முனகிட்டுக் கிளம்பி வந்துட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சு நண்பன் போன் பண்ணான். "அம்மா ஒழுங்காச் சாப்பிடலடா. நீ கூட இப்படியான்னு கேக்குது" அப்படின்னான்.

நம்ம பக்கம் ஒருத்தர் வீட்டுல காப்பித் தண்ணி குடிக்கிறதும் குடிக்காததும் தாகத்தைப் பொறுத்த விஷயமா? டீக்கடையில தனி டம்ளர் வெச்சிருந்த வரலாறு உள்ள மண்ணு இது. ஆசாரி வீட்டுப் பையன் காலனி வீட்டுக் காப்பியை வேண்டாம்னா அதுக்கு என்ன அர்த்தம்னு அந்தம்மாவுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்ல. அவங்க புரிஞ்சுக்கிட்டது தப்பு. ஆனா அப்படிப் புரிய விட்டது நான்தான்.

காரணம் சாதி இல்லீங்க. நான் மார்மன். முழுப் பேரு 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை'. 'மார்மன்'னு சொல்லாம முழுப் பேரைச் சொல்லுங்கன்னு 2018-ல சபைத் தலைவரா இருந்த ரஸ்ஸல் நெல்சன் கேட்டுக்கிட்டார். ஆனா முழுப் பேரைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள ஆத்தூர் பஸ்ஸே போயிடும் :-) எங்க சபையில 1833-லேர்ந்து 'ஞான வார்த்தை'ன்னு ஒரு விதி உண்டு. சாராயம், புகையிலை, காப்பி, டீ நாலும் கூடாது. அவ்வளவுதான் மேட்டர்.

இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமேன்னு நீங்க கேக்கலாம். சொன்னா அடுத்து வர்ற கேள்விகளுக்குப் பயந்துதான் பேசாம வந்தேன். கோயமுத்தூர்ல படிக்கும்போது இந்தச் சபையில சேர்ந்ததிலேர்ந்து அதே மூணு கேள்விதான் துரத்துது. இன்னிக்கு மூணுக்கும் பதில் சொல்லிடறேன்.

முதல் கேள்வி: "உனக்கு எத்தனை பொண்டாட்டி?"

ஒண்ணே ஒண்ணு. அதுக்கே சம்பளம் பத்தல. சபையை ஆரம்பிச்ச ஜோசப் ஸ்மித்துக்குப் பல மனைவிகள் இருந்தது உண்மை. பலதார மணத்தை நிறுத்துறதா 1890-ல சபை அறிவிச்சது. அதுக்கப்புறமும் சிலர் தொடர்ந்ததால 1904-ல இன்னும் கறாரா மறுபடி சொல்ல வேண்டியதாச்சு. இன்னிக்கு ரெண்டாவது கல்யாணம் பண்ணினா சபையை விட்டே நீக்கிடுவாங்க. டிவியில காட்டுற பல பொண்டாட்டிக் குடும்பங்கள் எல்லாம் பிரிஞ்சு போன வேற குழுக்கள். ஆனா ஒண்ணு, ஜோசப் ஸ்மித்தோட பல மனைவிகளைப் பத்தி சபை விரிவா எழுதி வெளியிட்டது 2014-லதான். நாங்களே இவ்வளவு தாமதமா வாயைத் திறந்தா, ஊர்ல நாலு விதமாப் பேசத்தான் செய்வாங்க.

ரெண்டாவது கேள்வி: "மாறுறதுக்கு எவ்வளவு குடுத்தாங்க?"

இதைக் கேட்டது சொந்தப் பெரியப்பா. உண்மை என்னன்னா, குடுக்குறது நான். வருமானத்துல பத்துல ஒரு பங்கு தசமபாகம். மாசத்துல முதல் ஞாயிறு ரெண்டு வேளை பட்டினி கிடந்து, அந்தச் சாப்பாட்டுச் செலவை இல்லாதவங்களுக்குன்னு கட்டணும். எங்க ஊர்ச் சபையை நடத்துறவருக்குச் சம்பளம் கிடையாது. வாரம் பூரா வேலைக்குப் போயிட்டு ஞாயித்துக்கிழமை வந்து நிக்கிறார்.

அதுக்காகப் பணத்துல சபை மேல குத்தமே இல்லன்னு சொல்ல மாட்டேன். முதலீடுகளைப் பல கம்பெனி பேர்ல பிரிச்சுக் காட்டி மறைச்சதுக்காக, அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2023-ல சபைக்கும் அதோட முதலீட்டு நிறுவனத்துக்கும் சேர்த்து 50 லட்சம் டாலர் அபராதம் போட்டது. அதைப் படிச்சப்ப வயிறு எரிஞ்சது. என் பத்துல ஒரு பங்கும் அதுல இருக்கில்ல.

இதோட சேர்ந்தே வர்ற இன்னொரு பேச்சு, "நேத்து வந்த அமெரிக்க மதம்"ங்கிறது. அமெரிக்காவுல பிறந்தது சரிதான், 1830-ல. ஆனா 1853-லயே ரிச்சர்ட் பாலன்டைன்னு ஒரு மார்மன் ஊழியர் மெட்ராஸ் வந்து, ஒரு வருஷம் இருந்து, பத்திரிகை கூட அச்சடிச்சிருக்கார். பெரிசா யாரும் சேரல, திரும்பிப் போயிட்டார். பிறகு கோயமுத்தூர்ல பால் திருத்துவதாஸ்னு ஒருத்தர், சபைப் புத்தகங்களைத் தானாத் தேடிப் படிச்சு, அமெரிக்காவுக்குக் கடிதம் எழுதி, 1965-ல ஞானஸ்நானம் எடுத்தார். அவரை யாரும் வந்து இழுக்கல. இவர்தான் அவங்களைக் கூப்பிட்டார்.

மூணாவது கேள்வி வெளியிலேர்ந்து இல்ல, மத்த கிறிஸ்தவங்க கிட்டேர்ந்து வருது: "நீங்க கிறிஸ்தவங்களே இல்ல, தெரியுமா?"

இதுல அவங்க மேல எனக்குக் கோபம் கிடையாது. வித்தியாசம் நிஜமாவே பெருசு. கி.பி. 325-ல நைசியா சங்கத்துல வகுத்த விசுவாச அறிக்கையை நாங்க ஏத்துக்கல. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூணு பேரும் தனித்தனி ஆளுங்க, நோக்கத்துல ஒண்ணுன்னு நம்புறோம். பிதாவுக்கு உடம்பு உண்டுன்னு நம்புறோம். பைபிளோட மார்மன் புஸ்தகத்தையும் வேதமா வெச்சிருக்கோம். எங்க ஞானஸ்நானம் செல்லாதுன்னு கத்தோலிக்கத் திருச்சபை 2001-ல தீர்ப்பே சொல்லிடுச்சு. அவங்க கணக்குப்படி அவங்க சொல்றது சரி. என் கணக்குப்படி நான் தினம் ராத்திரி முட்டி போட்டுக் கும்பிடுறது இயேசுவைத்தான் முன்னிட்டு. அதுக்கு வேற என்ன பேர் வைக்கிறது?

14 வயசுப் பையன் 1820-ல காட்டுல ஜெபம் பண்ணினான், பிற்பாடு ஒரு தேவதூதன் காட்டின பொன் தகடுகளைப் படிச்சு வேதம் எழுதினான்னா கேக்குறவங்களுக்குச் சிரிப்பு வரும். வரட்டும். அந்தப் புஸ்தகம் சொல்ற நாகரிகங்களுக்கு அமெரிக்காவுல தொல்லியல் ஆதாரம் கிடைக்கல. நான் அதை நம்பிக்கைன்னு சொல்றேன், நிரூபிச்ச சரித்திரம்னு சொல்லி யார்கிட்டயும் வாதாட வரல. பழகின அதிசயம் நமக்கு அதிசயமாத் தெரியறதில்ல. அடுத்தவங்களோடது மட்டும் கண்ணை உறுத்தும்.

சரி, அப்புறம் ஏன்டா போய்ச் சேர்ந்தேங்கிறீங்களா? என் அப்பாயிக்காக. என்னை வளர்த்தது அவங்கதான். மாரியாத்தாவைத் தவிர வேற சாமி பேர் அவங்க வாயில வந்ததில்ல. அவங்க செத்த புதுசுல ஒரு போதகர், இயேசுவை அறியாம போனதால உங்க பாட்டி நரகத்துலதான்னு முகத்துக்கு நேரா சொன்னார். அன்னிக்கு அந்தப் பக்கமே வேண்டாம்னு திரும்பினவன் நான். அப்புறம் மார்மன்காரங்க சொன்னது வேற மாதிரி இருந்தது. உயிரோட இருக்கும்போது கேக்காதவங்களுக்குச் செத்த பிறகும் கேக்க வாய்ப்பு உண்டு, ஏத்துக்கிறதும் மறுக்கிறதும் அவங்க இஷ்டம், குடும்பம் சாவோட முடியறதில்லன்னாங்க. ஆடி அமாவாசைக்கு அப்பா ஆத்துல இறங்கி எள்ளும் தண்ணியும் விடுறதைப் பாத்து வளர்ந்த எனக்கு அது அந்நியமாவே படல.

ஆனா இதே நம்பிக்கைதான் மத்தவங்களை ரொம்பக் காயப்படுத்தியும் இருக்கு. செத்தவங்களுக்காக உயிரோட இருக்குறவங்க ஞானஸ்நானம் எடுக்குறது எங்க வழக்கம். சொந்த முன்னோருக்குச் செய்யணும்கிறதுதான் விதி. நாஜிகள் கொன்ன யூதர்கள் பேர்லயும் சிலர் செஞ்சு, யூதர்கள் கொதிச்சு, இனி செய்யறதில்லன்னு 1995-ல ஒப்பந்தம் போட்டாங்க. அதுக்கப்புறமும் மீறல் நடந்தது. 2012-ல மகாத்மா காந்தி பேருக்கே செஞ்சிருக்காங்கன்னு செய்தி வந்தது. கோபப்பட்டவங்க பக்கம்தான் நியாயம் இருக்குன்னு நான் நினைக்கிறேன். என் அப்பாயிக்கு நான் செய்யலாம். அடுத்தவன் பாட்டிக்கு நான் யார்?

இப்ப காப்பிக்கு வர்றேன். நண்பன் போன் வந்த மறுநாள், நேரா அவன் வீட்டுக்குப் போனேன். மேல சொன்னதையெல்லாம் அந்தம்மா கிட்ட உக்காந்து சொன்னேன். முழுசாக் கேட்டுட்டு, "இதை அன்னிக்கே சொல்றதுக்கென்ன? ரெண்டு நாளா மனசு என்ன பாடு பட்டுச்சு தெரியுமா?"ன்னாங்க. பதில் சொல்ல முடியல.

நண்பன் விடல. "சரிடா, உங்க சபையில தனி டம்ளர் இருந்ததில்லையா?"ன்னு கேட்டான். மழுப்பியிருக்கலாம். மழுப்பல. "இருந்துச்சு. கறுப்பினத்து ஆம்பிளைங்களுக்கு 1978 வரைக்கும் ஆசாரியத்துவம் குடுக்கல. அதுக்குச் சொன்ன காரணங்கள் எதையும் இப்ப ஏத்துக்கலன்னு 2013-ல எழுதினாங்க" அப்படின்னேன். "மன்னிப்பு?"ன்னான். "அந்த வார்த்தை அதுல இல்லடா"ன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "பரவால்ல, மறைக்காமச் சொன்னியே" அப்படின்னான்.

இதெல்லாம் எதுக்குச் சொல்றேன்னா, தப்பாப் பேசுறவங்க எல்லாரும் எதிரிங்கன்னு நினைச்சுத்தான் நான் இத்தனை வருஷம் வாயை மூடிட்டு இருந்தேன். அந்தம்மா எனக்கு எதிரியா? நான் விளக்காம விட்ட இடத்தை, தான் பட்ட அனுபவத்தை வெச்சு அவங்க நிரப்பிக்கிட்டாங்க. வேற எதை வெச்சு நிரப்புவாங்க? சின்னக் கூட்டமா இருக்குறவங்க, அது மார்மனோ வேற யாரோ, தங்களைப் பத்தித் தாங்களே சொல்லியாகணும். நல்லதை மட்டும் சொன்னா அது விளம்பரம். அசிங்கத்தையும் சேர்த்துச் சொன்னாத்தான் நம்புவாங்க. கேக்குறவங்க கிட்ட எனக்கு ஒரே வேண்டுகோள்தான். நான் என்ன நம்புறேன்னு நீங்க எனக்குச் சொல்லாதீங்க, என்கிட்ட கேளுங்க. கேட்டப்புறம் திட்டணும்னா திட்டிக்குங்க.

அப்பா இன்னும் பிள்ளையார் செதுக்கிட்டுத்தான் இருக்கார். நான் ஊர்ல இருந்தா உப்புத் தாள் போட்டுத் தேச்சுக் குடுக்குறேன். எங்க விசுவாசப் பிரமாணம் பதிமூணுல பதினொண்ணாவது, அவங்கவங்க இஷ்டப்படி கும்பிட எல்லாருக்கும் உரிமை உண்டுங்கிறது. அப்பாவுக்கு அதெல்லாம் தெரியாது. "காப்பி குடிக்கலன்னா கெட்டா போயிடுவான், விடு"ன்னு அம்மாகிட்ட சொல்லிட்டார்.

பி.கு: அன்னிக்குக் கிளம்பும்போது அந்தம்மா, "சுக்கு மல்லி தட்டிப் போட்டு, கருப்பட்டி சேத்துத் தரட்டுமா? அதைப் பத்தி உங்க சாமி ஒண்ணும் சொல்லலியே?"ன்னாங்க. பேருதான் சுக்குக் காப்பி, காப்பித்தூள் ஒரு சிட்டிகை கிடையாது. ரெண்டு டம்ளர் குடிச்சேன்.