பத்தில் ஒன்று யாருக்கு?

ஹல்துமுல்லை மலைச்சரிவுகளிலே ஞாயிறு தோறும் ஆலயமணி ஒலிக்கையில், வாரமெல்லாம் கொழுந்து பறித்த கைகள் காணிக்கைப் பையை நோக்கி நீளுகின்றன. அக்கைகளிடம் வருமானத்திற் பத்தில் ஒன்றைத் தசமபாகமெனக் கேட்கும் சபைகள் மலையகத்தில் உண்டு. இது சபைக்குள் மட்டும் பேசி முடிக்கவேண்டிய காரியமன்று. எம்மக்களின் அடுப்போடு தொடர்புடைய காரியமாகும்.

கணக்கை முதலிற் பார்ப்போம். 2024 இல் தோட்டத் தொழிலாளிக்கு விதிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. அவ்வீதத்தில் மாதம் 25 நாள் வேலை கிடைத்தால் 33,750 ரூபா. அதில் தசமபாகம் 3,375 ரூபா. அஃதாவது இரண்டரை நாட் கூலி. மூன்று இலட்சம் ரூபா பெறும் உத்தியோகத்தரோ, பத்தில் ஒன்று கொடுத்த பின்னரும் 270,000 ரூபாவுடன் வீடு செல்வார். வீதம் ஒன்றே, பாரம் ஒன்றன்று.

வேதம் என்ன சொல்கின்றது? மோசேயின் சட்டத்தில் தசமபாகம் நிலத்தின் விளைச்சலுக்கும் மந்தைக்கும் உரியது. நிலமுடையவன் கொடுத்தான், நிலத்திற் பங்கில்லாத லேவியன் பெற்றான். மூன்றாம் ஆண்டுத் தசமபாகத்தை அவ்வவ்வூரிலேயே வைத்து, லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் உண்டு திருப்தியடையச் செய்யவேண்டுமென உபாகமம் விதிக்கின்றது.

எம் தோட்ட மக்கள் யார்? 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தினாற் பரதேசிகளாக்கப்பட்டவர்கள். அவர்களுள் எஞ்சியோருக்குப் பிரஜாவுரிமை கிட்ட 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. லயத்தில் வாழும் குடும்பத்திற்கு இன்றும் காலடி மண் சொந்தமன்று. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள், இதே ஹல்துமுல்லைப் பிரதேசத்து மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, பாதுகாப்பான நிலமின்மையின் விலை உயிராகவே செலுத்தப்பட்டது. வேதத்தின் அளவுகோலின்படி இம்மக்கள் தசமபாகம் பெறவேண்டியவர் வரிசையில் நிற்பவர்கள். அவர்களையே கொடுப்போர் வரிசையில் முதலில் நிறுத்துதல் முறையாகுமா?

ஏழை கொடுக்கலாகாதென்று நாம் கூறவில்லை. விதவையின் இரண்டு காசைப் போற்றியவர் இயேசுபிரான். 1903 இல் பாளையங்கோட்டையிலே தமிழ்க் கிறிஸ்தவர்கள் சொந்தப் பணத்தில் இந்திய மிஷனெரி சங்கத்தை நிறுவியதும் எம்மினத்தின் பெருமையே. ஆனால் மனமுவந்து கொடுப்பது வேறு. கொடாவிடிற் சாபம் வருமென அஞ்சிக் கொடுப்பது வேறு. பின்னையது காணிக்கையன்று, வரி.

ஆகவே வைத்தியர், ஆசிரியர், வர்த்தகர், வெலிமடை பண்டாரவளைப் பகுதி மரக்கறி விவசாயிகள் ஆகிய வசதியுள்ள கிறிஸ்தவர்கள் தங்கள் பத்தில் ஒன்றை முந்திக் கொடுக்கட்டும். சேர்வதில் மூன்றிலொரு பங்காவது அத்தோட்டத்துப் பிள்ளைகளின் படிப்பிற்கும், நோயாளரின் வைத்தியத்திற்கும், விதவைகளின் சீவனத்திற்கும் செலவாகட்டும். கொடுக்கையில் மதம் கேட்கவேண்டாம். வரவுசெலவுக் கணக்கை ஆண்டுதோறும் சபையின் முன் வாசியுங்கள். கணக்குக் காட்டாத தர்மத்தின் மீது சந்தேகம் படிவது இயற்கை.

இன்னொன்று. நியாயமான கூலியும் நிலவுரிமையும் கம்பனிகளும் அரசாங்கமும் தீர்க்கவேண்டிய கடன். எந்த உண்டியலும் அக்கடனை அடைத்துவிடாது. கீரைக்கும் சீரகத்திற்கும் பத்திலொன்று எண்ணிக் கொடுத்து நீதியைக் கைவிட்டோரை இயேசுபிரான் கடிந்துகொண்டார். காணிக்கை எண்ணும் மேசையைச் சுற்றி அமர்வோர் அக்கண்டனத்தை மறவாதிருப்பாராக.