களைப்பெல்லாம் கவலையால் வந்ததல்ல



போன மாதம் எங்கள் மாதர் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் எழும்பிப் போன பிறகு, ஒரு தங்கச்சி மட்டும் கதிரைகளை அடுக்கிக்கொண்டு நின்றாள். ஏதோ கேட்க நினைக்கிறாள் என்று விளங்கியது. கடைசிக் கதிரையையும் வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள். “அக்கா, உங்களுக்கும் கனகாலம் பிள்ளை இல்லாமல் இருந்ததாம். நீங்கள் என்ன செய்தனீங்கள்?”

அவளுக்குக் கலியாணம் முடிந்து நான்கு வருடம். கணவர் நல்லவர்தான். ஆனால் அவருடைய வீட்டில் இப்போது வேறு பேச்சு நடக்கிறதாம். “அவருக்கு இன்னொரு இடம் பாக்கினம் போல கிடக்கு அக்கா” என்று சொல்லும்போது குரல் அடைத்துவிட்டது. கையில் கிளினிக் கொப்பி வைத்திருந்தாள். வாங்கிப் பார்த்தேன். தைரொயிட் குறைவு என்று எழுதி, குளிசையும் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு மாதம் போட்டிருக்கிறாள். உடம்பு கொஞ்சம் சுகமாக வந்ததும் விட்டுவிட்டாள்.

அன்று அவளுக்குச் சொன்ன என்னுடைய கதையை இந்த மாதம் உங்களுக்கும் சொல்கிறேன். வெட்கப்பட்டு மறைத்து வைத்த கதை. மறைத்ததால் யாருக்கும் பயன் இல்லை என்பதை அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தபோதுதான் உணர்ந்தேன்.

2009 மே மாதம் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்கு வந்து சேர்ந்தபோது எனக்கு 23 வயது. அப்பாவும் தம்பியும் எங்களோடு வந்து சேரவில்லை. 2010ஆம் ஆண்டு கடைசியில் கிளிநொச்சிப் பக்கம் எங்கள் காணிக்குத் திரும்பினோம். 2011இல் எனக்குக் கலியாணம் நடந்தது. என் கணவரும் தன் அண்ணனைப் பறிகொடுத்தவர். மாமி என்னைக் கைபிடித்து வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போகும்போதே சொன்னார், “என்ரை மூத்தவன்ரை பேரை வைக்க எனக்கொரு பிள்ளை பெத்துத் தா மோனை.” அதில் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் ஒரு வெற்றிடம் இருந்தது. பிறக்கும் குழந்தைதான் அதை நிரப்பும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

அந்தக் காலத்தில் எனக்கு ஒரே களைப்பு. விடிய எழும்பும்போதே உடம்பு அடித்துப் போட்டதுபோல இருக்கும். கிளிநொச்சி வெயிலிலும் எனக்குக் குளிரும், போர்வை வேண்டும். தலைமயிர் கொத்துக் கொத்தாகக் கொட்டியது. தோல் வறண்டது. மலச்சிக்கல் தீரவில்லை. குரல் கரகரத்தது. சாப்பாடு குறைவு, ஆனால் உடம்பு ஊதியது. மாதச் சுகவீனம் வந்தால் ஒன்பது பத்து நாள் நிற்காது.

இத்தனைக்கும் எங்களிடம் ஒவ்வொரு காரணம் இருந்தது. மயிர் கொட்டுவது கிணற்றுத் தண்ணீரால். உடம்பு வைத்தது கலியாணச் சதை. குரல் மாறியது முகாமில் பிடித்த தடிமனால். களைப்புக்கு மட்டும் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். “யோசிச்சு யோசிச்சு உடம்பைக் கெடுத்துப் போட்டாய் பிள்ளை.” நானும் அப்படியே நம்பினேன். அப்பாவையும் தம்பியையும் நினைத்து அழாத நாள் இல்லை. பிறகு களைப்பு வராமல் என்ன செய்யும்?

இரண்டு வருடம் போனது. வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்தேன். ஊர்ச்சனத்தின் கேள்விக்குப் பயந்து கலியாண வீடுகளுக்குப் போவதை விட்டேன். பிள்ளைப்பேறு பார்க்கப் போன ஒரு வீட்டில், குழந்தையை என் கையில் தராமல் மற்றவரிடம் கொடுத்தார்கள். அதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

2013இல் ஒருநாள் எங்கள் பகுதி மருத்துவமாது பக்கத்து வீட்டுக் கர்ப்பிணியைப் பார்க்க வந்தவர், வேலியோரம் நின்ற என்னையும் பார்த்தார். முகம் வீங்கியிருக்கிறதே என்று கேட்டார். பிறகு உள்ளே வந்து இருந்து, எத்தனை நாள் இரத்தம் போகிறது, குளிர்கிறதா, வயிறு ஒழுங்காகப் போகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அத்தனை வருடத்தில் அவற்றை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துக் கேட்ட முதல் ஆள் அவர்தான். “இது யோசனை மட்டும் இல்லைப் போல கிடக்கு. ஒருக்கா இரத்தம் சோதிச்சுப் பாப்பம்” என்றார்.

ரீ.எஸ்.எச். என்ற அந்தப் பரிசோதனையில் எனக்கு 38 என்று வந்தது. வழக்கமாக அது 4 அளவுக்குள் இருக்க வேண்டும். வைத்தியர் விளங்கப்படுத்தினார். கழுத்தின் முன்பக்கம், வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்ததுபோல இருப்பது தைரொயிட் சுரப்பி. உடம்பு எவ்வளவு வேகத்தில் இயங்க வேண்டும் என்பதை அதில் ஊறும் தைரொக்சின் என்ற ஓமோன்தான் தீர்மானிக்கிறது. அது குறைந்தால், மூளையின் அடியில் இருக்கும் கபச்சுரப்பி “வேலை செய், வேலை செய்” என்று சத்தம் போடும். அந்தச் சத்தம்தான் ரீ.எஸ்.எச். சுரப்பி எவ்வளவுக்குச் சோர்ந்ததோ, அவ்வளவுக்கு அந்த எண் ஏறும்.

“அதுக்கும் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம் டொக்டர்?” என்று கேட்டேன். தைரொக்சின் நன்றாகக் குறைந்தால் சூலகத்திலிருந்து மாதாமாதம் முட்டை வெளிவருவது குழம்பிவிடும் என்றார். பால் சுரக்க வைக்கும் ஓமோன் சிலருக்குத் தேவையில்லாமல் கூடி, அதுவும் முட்டை வருவதைத் தடுக்கும். கரு தங்கினாலும் கலைந்துபோகும் ஆபத்து கூடும்.

உப்பில் அயடீன் போதாமல் வந்ததோ என்றும் கேட்டேன். இலங்கையில் 1995 முதல் சாப்பாட்டு உப்பில் அயடீன் சேர்க்கிறார்கள். என்னுடையது வேறு வகை. உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தி தவறுதலாகத் தன் சொந்தச் சுரப்பியையே தாக்குவது. 1912இல் ஹஷிமோட்டோ என்ற யப்பானிய வைத்தியர் இதை முதலில் எழுதியதால் அவருடைய பெயரையே வைத்திருக்கிறார்கள். உப்பை அள்ளிப் போட்டு இதை மாற்ற முடியாது. குறைகிற ஓமோனைக் குளிசையாக எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

குளிசை தொடங்கிச் சில வாரத்தில் போர்வையை மடித்து வைத்தேன். நாலைந்து மாதத்தில் மாதச் சுகவீனம் ஒழுங்காகியது. 2014 தொடக்கத்தில் எனக்குத் தள்ளிப்போனது. மாமி அழுதுவிட்டார்.

இனிச் சொல்லப்போவதுதான் நான் செய்த பிழை. “வயித்துப் பிள்ளையோடை கண்ட குளிசையும் போடாதை, பிள்ளைக்குக் கூடாது” என்று உறவுக்காரர் ஒருவர் சொன்னார். எனக்கும் அது சரியாகப்பட்டது. யாரையும் கேட்காமல் குளிசையை நிறுத்தினேன். கிளினிக்குக்கும் பிறகு போகலாம் என்று இருந்துவிட்டேன். ஒன்பதாவது வாரம் கரு கலைந்தது.

வைத்தியரிடம் போய், “நான்தான் கொண்டுட்டன்” என்று அழுதேன். அவர் ஏசவில்லை. கரு கலைவதற்குப் பல காரணம் உண்டு, இதுதான் காரணம் என்று ஒருவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். ஆனால் ஒன்றை மட்டும் தெளிவாகச் சொன்னார். முதல் 12 வாரம் அளவில் வயிற்றுப் பிள்ளைக்குச் சொந்தமாகத் தைரொக்சின் இல்லை. அதன் மூளை வளர்வதற்குத் தாயின் தைரொக்சின்தான் வேண்டும். அதனால் கர்ப்பம் என்று தெரிந்தால் குளிசையை நிறுத்தக்கூடாது. பெரும்பாலும் கூட்டத்தான் வேண்டிவரும். “நீங்கள் பிள்ளைக்குக் கெடுதல் எண்டு நினைச்சது பிள்ளைக்குத் தேவையானது தங்கச்சி. இது உங்களுக்கு ஒருத்தரும் சொல்லாத விசயம். இனி என்ன செய்யலாம் எண்டு பாப்பம்.”

இரண்டாம் முறை ஒழுங்காகச் செய்தோம். முதலில் ரீ.எஸ்.எச். 2.5க்குக் கீழே வரும்வரை பொறுத்தோம். குளிசையின் அளவை மாற்றினால் ஆறு தொடக்கம் எட்டு வாரம் கழித்துத்தான் மறுபடி சோதிப்பார்கள். அதற்கு முன் சோதித்தால் சரியான எண் தெரியாது. போலிக் அமிலக் குளிசையையும் முன்கூட்டியே தொடங்கினேன். என் கணவரையும் சோதிக்கச் சொன்னார்கள். “எனக்கென்ன குறை?” என்று முதலில் முகத்தைத் திருப்பியவர், பிறகு தானாகவே போய்ச் சோதித்துவிட்டு வந்தார். அவருக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அவர் போனதே எனக்குப் பாதிப் பாரத்தை இறக்கியது.

2015இல் மறுபடி தள்ளிப்போனது. அடுத்த நாளே சிறுநீர்ச் சோதனை செய்துகொண்டு கிளினிக்குக்கு ஓடினேன். குளிசையைக் கூட்டினார்கள். பொதுவாக 20 முதல் 30 வீதம் வரை கூட்டுவார்கள். கர்ப்பத்தின் நடுப்பகுதி வரை நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் எடுத்தார்கள், பிறகு 30ஆவது வாரமளவில் ஒருமுறை. 2016இல் மகள் பிறந்தாள். அவளுக்கும் தைரொயிட் குறை இருக்கிறதா என்று குதிக்காலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இல்லை. பிள்ளைப்பேற்றின் பின் என் குளிசையைப் பழைய அளவுக்குக் குறைத்து, ஆறு வாரத்தில் மறுபடி சோதித்தார்கள். பால் கொடுத்துக்கொண்டே குளிசை போட்டேன். அதில் பயம் ஒன்றும் இல்லை.

பெண்பிள்ளை பிறந்ததால் மூத்தவரின் பெயர் வைக்க முடியாதே என்று எனக்கு உள்ளூர ஒரு பயம். மாமி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, “பேர் கிடக்கட்டும் மோனை, பிள்ளை கிடக்குதெல்லே” என்றார்.

சகோதரிகளே, இந்தக் குளிசை போடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய சில விடயங்கள் உண்டு. விடிய வெறும் வயிற்றில் தண்ணீரோடு எடுங்கள். அரை மணித்தியாலம் முதல் ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் தேநீரும் சாப்பாடும். நான் எழும்பியவுடன் குளிசையைப் போட்டுவிட்டு முற்றம் கூட்டுவேன். கூட்டி முடித்துத் தண்ணீர் அள்ளிவிட்டு வந்துதான் பிளேன்ரீ. கர்ப்பிணிக் கிளினிக்கில் தரும் இரும்புச்சத்துக் குளிசையையும் கல்சியம் குளிசையையும் இதனோடு சேர்த்து விழுங்க வேண்டாம். அவை இது உடம்பில் சேர்வதைத் தடுக்கும். நடுவில் நான்கு மணித்தியாலமாவது இடைவெளி வேண்டும். அடுப்படியிலும் தகரக் கூரையின் வெக்கை படும் இடத்திலும் குளிசையை வைக்காதீர்கள். உடம்பு சுகமாகிவிட்டது என்று நீங்களாகவே நிறுத்தாதீர்கள். சுகமாக இருப்பதே குளிசை வேலை செய்வதால்தான். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் இரத்தத்தைப் பார்த்து வைத்தியர் செய்ய வேண்டிய வேலை.

எல்லோருடைய பிள்ளையின்மைக்கும் தைரொயிட் காரணம் என்று நான் சொல்லவரவில்லை. ஒரு வருடம் முயன்றும் தங்காவிட்டால், 35 வயதைத் தாண்டியவர்கள் ஆறு மாதத்திலேயே, கணவன் மனைவி இருவருமாக வைத்தியரிடம் போங்கள். எல்லாம் ஒழுங்காகச் செய்தும் பிள்ளை கிடைக்காத சகோதரிகளும் இருக்கிறார்கள். அவர்களைக் கலியாண வீட்டில் ஒதுக்காமல் விடுவது எங்கள் கையில் இருக்கிறது.

கணவரை இழந்த என் சகோதரிகள், இது எங்களுக்கான பக்கம் இல்லை என்று புரட்டிவிட வேண்டாம். இந்த நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கே கூட வருகிறது. பிள்ளை பெறும் வயது தாண்டியவர்களுக்கும் வரும். எங்களுடைய துயரம் உண்மையானது. அதனால்தான் உடம்பில் எது வந்தாலும் அதன்மேல் போட்டுவிட்டு இருந்துவிடுகிறோம். உங்களுக்கோ உங்கள் மகளுக்கோ நான் சொன்ன அறிகுறிகள் இருந்தால், அடுத்தமுறை வைத்தியசாலைக்குப் போகும்போது “தைரொயிட் சோதிக்கலாமோ?” என்று வாய்திறந்து கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

அந்தத் தங்கச்சியை மறுநாளே நான் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். குளிசையை மறுபடி தொடங்கியிருக்கிறாள். ஆறு வாரத்தில் இரத்தச் சோதனை. அன்றைக்குக் கணவரும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறாராம்.

அடுத்த மாதம் சந்திப்போம்.