விஸ்காம் சேர்ந்தா மைக் கிடைக்குமா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் வீட்டுக்கு வீடு ஒரு வட்டமேஜை மாநாடு நடக்கும். அதில் வருஷா வருஷம் தவறாமல் அடிபடுகிற பெயர், விஸ்காம். "அதென்ன விஸ்காம்... சோப்பு பேரு மாதிரி இருக்கு?" என்பார் அப்பா. "டி.வி., பேப்பர்ல வேலை பாக்குறதுக்குப் படிக்கிறதுப்பா" என்று பையன் இழுப்பான். "நம்ம பரம்பரையில யாரும் கூத்துக் கட்டினது இல்லை" என்று பெரியப்பா தீர்ப்பு சொல்வார். மாநாடு இனிதே கலையும்!

பெரியப்பாவை விடுங்க பாஸ். மீடியாவில் வேலை பார்க்க மீடியா டிகிரி வேணுமா, வேணாமா? கட்டாயம் இல்லை. அதுக்காக 'வேஸ்ட்'டும் இல்லை. இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் உங்களோட மூணு வருஷமும், அப்பாவோட காசும் மாட்டிக்கிட்டு நிக்குது. கொஞ்சம் பிரிச்சு மேயலாம், வாங்க!

லைசென்ஸ் இல்லாத வண்டி

டாக்டர் ஆகணும்னா எம்.பி.பி.எஸ். வேணும். கோர்ட்டில் வாதாட பார் கவுன்சிலில் பதிவு வேணும். நிருபர் ஆக அப்படி எந்த லைசென்ஸும் கிடையாது. 2013-ல் பிரஸ் கவுன்சில் தலைவராக இருந்த மார்க்கண்டேய கட்ஜு, 'பத்திரிகையாளருக்குக் குறைந்தபட்சக் கல்வித் தகுதி வேண்டும்' என்று கிளம்பி, அதற்கு ஒரு கமிட்டியும் போட்டார். ஏகப்பட்ட எதிர்ப்பு. சட்டமாக வரவே இல்லை.

சாம்பிளுக்குச் சிலர்... கிராமத்து விவசாயிகளைப் பற்றி எழுதி 2007-ல் மகசேசே விருது வாங்கிய பி.சாய்நாத், டெல்லி ஜே.என்.யூ-வில் படித்தது வரலாறு. கார்த்திக் சுப்பராஜ் இன்ஜினீயரிங் முடித்து, சாஃப்ட்வேர் வேலை பார்த்து, 'நாளைய இயக்குநர்' வழியாக 'பீட்சா'வுக்கு (2012) வந்தவர். நம்ம சுஜாதா, பாரத் எலெக்ட்ரானிக்ஸில் இன்ஜினீயராக இருந்துகொண்டேதான் எழுதிக் குவித்தார். (இன்ஜினீயரிங் படித்துக்கொண்டே இந்தப் பக்கத்தை எழுதுகிற எனக்கு இது ஒரு சின்ன ஆறுதல்!)

உடனே, "அப்ப படிப்பே வேணாமா?"ன்னு குதிக்காதீங்க. இந்தப் பக்கம் 'இந்து' என்.ராம், அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முறையாக இதழியல் படித்தவர். ரெண்டு ரூட்லயும் ஆள் வந்திருக்காங்க. உங்களுக்கு எந்த ரூட்டுங்கிறதுதான் மேட்டர்.

கையா, காதா?

மீடியா வேலையை ரெண்டாப் பிரிச்சுக்கோங்க. ஒண்ணு, கை வேலை. கேமரா, எடிட்டிங், சவுண்ட், டிசைன், அனிமேஷன் எல்லாம் இதுல வரும். இன்னொண்ணு, காது வேலை. ஊரைக் கேட்டு, ஆளைக் கேட்டு, ஆவணத்தைப் படிச்சு எழுதுறது.

கை வேலைக்குக் கருவி வேணும். கருவி காலேஜில் இருக்கும், வீட்டில் இருக்காது. டிராயிங், போட்டோகிராஃபி, விளம்பரம், வீடியோ என்று எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுக் காட்டுகிற விஸ்காம், இவங்களுக்கு நிஜமாவே உதவும். பிளஸ் டூ-வுக்கு அப்புறம் அண்ணா பல்கலைக்கழகத்தில் அஞ்சு வருஷ எம்.எஸ்சி. எலெக்ட்ரானிக் மீடியா இருக்கு. இந்தியாவின் முதல் கேம்பஸ் சமுதாய வானொலியான அண்ணா எஃப்.எம். 2004 பிப்ரவரியில் தொடங்கியதும் இதே பல்கலைக்கழகத்தில்தான். சினிமாதான் உயிர்னா, தரமணி எம்.ஜி.ஆர். அரசு ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டில் ஒளிப்பதிவு, எடிட்டிங், ஒலிப்பதிவு, இயக்கம் என்று தனித்தனியா நாலு வருஷப் படிப்பு உண்டு. சீட் கம்மி, போட்டி ஜாஸ்தி.

காது வேலைக்குக் கதையே வேற. பட்ஜெட் பற்றி எழுதுறவனுக்குப் பொருளாதாரம் தெரியணும். கோர்ட் செய்தி எழுதுறவளுக்குச் சட்டம் தெரிஞ்சா பலம். ஆர்.டி.ஐ. சட்டம் (2005) வழியா ஒரு மனு போட்டு, வந்த பதிலில் இருக்கிற நம்பரைப் படிக்கத் தெரியணும். அதனால, பிடிச்ச ஒரு பாடத்தை மூணு வருஷம் ஆழமாப் படிச்சிட்டு, அப்புறம் ஒரு வருஷம் இதழியல் படிக்கிறது நல்ல ரூட். 2000-ல் பெங்களூரிலிருந்து சென்னைக்கு வந்த ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம், டெல்லியில் 1965-ல் ஆரம்பித்த ஐ.ஐ.எம்.சி., 2025-ல் தமிழக அரசு தொடங்கிய சென்னை இதழியல் நிறுவனம்... இங்கெல்லாம் ஓராண்டு முதுநிலை டிப்ளமோவுக்கு எந்த டிகிரி படிச்சவங்களும் முட்டிப் பார்க்கலாம். 17 வயசுல எடுக்க வேண்டிய முடிவை 20 வயசுல எடுக்கிற வசதி இதுல இருக்கு.

லோன் போட்டுப் படிக்கலாமா?

இதுதான் வலிக்கிற இடம். ஃப்ரெண்டோட தங்கச்சி ஒருத்தி, ஈரோடு பக்கம். அப்பா தறி ஓட்டுறார். "அக்கா, ஒரு பிரைவேட் காலேஜ்ல விஸ்காம் சீட் இருக்கு. லோன் போட்டாத்தான் முடியும். போடட்டுமா?"ன்னு போனில் கேட்டாள். ப்ராஸ்பெக்டஸ் அட்டையில் பெரிய கேமரா, பின்னால் பச்சைத் திரை. எல்லாம் சூப்பரா இருந்துச்சு, ஃபீஸைத் தவிர!

மீடியாவில் ஆரம்பச் சம்பளம் ரொம்பக் குறைச்சல். நிறைய பேர் மாசக்கணக்கில் இன்டர்ன்ஷிப்பிலேயே ஓட்டுறாங்க. 2020 ஊரடங்கில் பேப்பர்கள் பக்கத்தைக் குறைச்சப்போ, ஆட்களையும் குறைச்சாங்க. இன்னிக்கு கேப்ஷன் எழுதுறது, மொழிபெயர்க்கிறது, சின்னச் சின்ன டிசைன் போடுறது மாதிரியான ஆரம்ப வேலைகளை ஏ.ஐ. செய்ய ஆரம்பிச்சிருச்சு. புதுசா வர்றவங்க கால் வைக்கிற முதல் படியே அதுதான். இந்த நிலைமையில மாசத் தவணையோட முதல் வேலைக்குப் போனா, பிடிச்ச வேலைக்குக் காத்திருக்க முடியாது. கிடைச்சதுல உட்கார வேண்டியதுதான்.

"உனக்கு எழுதப் பிடிக்குமா, எடிட் பண்ணப் பிடிக்குமா?"ன்னு கேட்டேன். "எழுத்தெல்லாம் வராதுக்கா. கல்யாண வீடியோவை போன்லயே வெட்டி ஒட்டிக் குடுப்பேன். எங்க தெருவுல நான்தான் எடிட்டர்!" ஆக, அவள் கை வேலைக்காரி. படிப்பு அவளுக்கு வேணும். லோன்தான் வேணாம். அரசு ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டுக்கும், அரசு உதவி பெறும் காலேஜில் கம்மி ஃபீஸில் விஸ்காம் எங்கே இருக்குன்னு பார்த்து அங்கேயும் அப்ளை பண்ணச் சொன்னேன். அவங்க அப்பா கேட்டது ஒரே கேள்வி. "பொழைச்சுக்குவாளாம்மா?" 'கண்டிப்பா'ன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. "தொழில் கையில இருந்தா வழி இருக்குங்கப்பா"ன்னு மட்டும் சொன்னேன்.

கேன்டீன் விசாரணை

எந்த காலேஜா இருந்தாலும் சரி, அட்மிஷன் கவுன்ட்டரில் கேட்காதீங்க. நேரா கேன்டீனுக்குப் போய், செகண்ட் இயர் சீனியருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துட்டு இந்த நாலையும் கேளுங்க.

1. கேமரா எத்தனை இருக்குன்னு கேட்காதீங்க. போன செமஸ்டரில் உங்க கையில் எத்தனை நாள் இருந்துச்சுன்னு கேளுங்க. பீரோவில் தூங்குற கேமரா போட்டோவுக்கு மட்டும்தான் ஆகும்!

2. மாணவர்களே நடத்துற பத்திரிகையோ, ரேடியோவோ உண்டா? கடைசி இதழ் எப்ப வந்துச்சு?

3. பாடம் எடுக்கிறவங்களில் யாராவது நியூஸ் ரூமிலோ, ஷூட்டிங்கிலோ வேலை பார்த்தவங்களா?

4. போன மூணு பேட்ச் ஆட்கள் இப்ப எங்கே இருக்காங்க? ப்ராஸ்பெக்டஸில் சிரிக்கிற அந்த ஒரு ஸ்டார் சீனியரை விடுங்க. மத்தவங்க?

நாலில் மூணுக்கு சீனியர் தலையைச் சொறிஞ்சா... டீக்குக் காசு கொடுத்துட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிங்க.

அப்ளிகேஷன் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு ஹோம் ஒர்க். உங்க தெருவுக்குத் தண்ணி லாரி வர்ற கதையை 300 வார்த்தையில் எழுதுங்க. இல்லைன்னா ரெண்டு நிமிஷ வீடியோவா எடுங்க. குறைஞ்சது மூணு பேர்கிட்ட பேசணும். பேர், தேதி, நேரம் சரியா இருக்கணும். லாரி டிரைவர் சொல்றதும் அதுல வரணும். முடிச்சதும், கறாரான ஒரு ஆள்கிட்ட கொடுத்துத் தப்பு கண்டுபிடிக்கச் சொல்லுங்க. மறுபடி முதலில் இருந்து செய்யுங்க.

ரெண்டாவது தடவை செய்யும்போதும் போர் அடிக்கலையா? அப்ப தைரியமா பெரியப்பாவைச் சந்திக்கலாம்.

அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே!