சிட்னி சில்லறை - 17: மா..மா..மாமா

ரெண்டு வாரமா இந்தப் பக்கம் தலைகாட்டல. அசைன்மென்ட் ஒரு காரணம். இன்னொரு காரணம், நான் தங்கியிருக்கிற வீட்டு அக்காவோட மூணரை வயசுப் பையன். குட்டின்னு வச்சுக்குவோம்.

குட்டி என்னை மாமான்னுதான் கூப்பிடுவான். ஒரு நாள் "மா..மா..மா..மாமா"ன்னான். அந்த வார்த்தையிலயே ரெண்டு 'மா' இருக்கிறதால யாரும் கண்டுக்கல :-) அப்புறம் "ந்ந்ந்நாய்" வந்துச்சு. இன்னொரு நாள் வாயைத் திறந்தான், சத்தமே வரல. கண்ணை இறுக்கி மூடிக்கிட்டான். எனக்கு வயித்தைப் பிசைஞ்சுது. அந்த இறுக்கம் எனக்குத் தெரியும். நானும் திக்குவேன். எழுதும்போது திக்காதுங்கறதால உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

ஊர்ல இருந்து அக்காவோட மாமியார் போன்ல சொன்னது ஸ்பீக்கர்ல எனக்கும் கேட்டுச்சு. "அந்தத் தம்பிகிட்ட அதிகம் விடாதம்மா, பார்த்துப் பார்த்து பிள்ளைக்கும் ஒட்டிக்கும்." அன்னிக்கு ராத்திரியே வேற ரூம் தேட ஆரம்பிச்சேன்.

அக்காதான் விடல. ஸ்பீச் பெத்தாலஜிஸ்ட்கிட்ட அப்பாயின்ட்மென்ட் வாங்கி என்னையும் இழுத்துட்டுப் போனாங்க. அந்தம்மா சொன்னதோட சாரம்:

1. "எனக்கு எனக்கு பால் வேணும்"னு முழு வார்த்தையைத் திருப்பிச் சொல்றது சின்னப் பசங்களுக்கு சகஜம். முதல் எழுத்தே திரும்பத் திரும்ப வர்றது, இழுவை, சத்தம் அடைச்சு நிக்கிறது, முகம் இறுகறது... இதெல்லாம் திக்கல்.

2. பெரும்பாலும் 2 வயசுக்கும் 5 வயசுக்கும் நடுவுல தொடங்கும். நூத்துக்கு அஞ்சு பிள்ளைங்களுக்காவது வரும். நிறைய பேருக்குத் தானா போயிடும். ஆனா யாருக்குப் போகும்னு முன்கூட்டியே உறுதியா சொல்ல முடியாது. ஆம்பளைப் பசங்களுக்கும், குடும்பத்துல யாருக்காவது இருந்தாலும் தங்கிடற வாய்ப்பு அதிகம். அதனால சீக்கிரம் காட்டிடணும்.

3. பார்த்து ஒட்டாது. வளர்ப்பாலயோ, வீட்ல தமிழ் வெளியில இங்கிலீஷ்ங்கறதாலயோ வராது. மூளை பேச்சை நடத்தற விதத்துல இருக்கிற வித்தியாசம். பரம்பரையும் உண்டு.

"குடும்பத்துல யாருக்காவது இருக்கா?"ன்னு கேட்டதும் அண்ணன் தொண்டையைச் செருமிட்டு "எங்க சித்தப்பாவுக்கு"ன்னார். அதாவது பாட்டியோட சொந்தக் கொழுந்தன்! அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. நான் கூரையைப் பார்த்தேன்.

குட்டிக்கு இப்ப லிட்கம் முறை. 1980கள்ல இங்க சிட்னியில உருவானது, நான் தினமும் ரயில்ல தாண்டிப் போற ஊரோட பேரு. இதுல அம்மா அப்பாதான் வைத்தியர், தெரபிஸ்ட் வாராவாரம் சொல்லிக் கொடுப்பாங்க. தினமும் கொஞ்ச நேரம் படப்புத்தகம், விளையாட்டு. தடங்கல் இல்லாம வந்தா ஒரு பாராட்டு. 'ஸ்மூத்'துக்குத் தமிழ்ல என்ன சொல்றதுன்னு ஒரு பட்டிமன்றமே நடந்துச்சு. அக்கா "வழவழ"ன்னாங்க, "அது அரசியல்வாதி பேச்சு"ன்னு அண்ணன் தள்ளிட்டார். கடைசியில "வழுக்கிட்டு வந்துச்சே!" ஜெயிச்சுது. தினமும் 0 முதல் 9 வரை மார்க் வேற, கம்மியா வந்தா நல்லது. முதல் வாரம் 6. இந்த வாரம் 5.

எனக்குக் கிடைச்ச வைத்தியம் வேற. நாக்குல வசம்பு, வாயில கூழாங்கல், "மெதுவா பேசுடா" ஒரு நாளைக்கு அம்பது தடவை. "உள்ளேன் ஐயா"வுல 'உ' தாண்டறதுக்குள்ள வாத்தியார் ஆப்சென்ட் போட்டிருப்பார். கிளாஸ்ல உக்காந்துக்கிட்டே ஆப்சென்ட் ஆனவன் நான்.

உங்க வீட்ல ஒரு குட்டி திக்கினா அதட்டாதீங்க, கேலி பண்ணாதீங்க, வாக்கியத்தை நீங்க முடிச்சு வைக்காதீங்க. முகத்தைப் பார்த்துக் காத்திருங்க. எப்படிச் சொல்றான்னு பார்க்காம என்ன சொல்றான்னு கேளுங்க. சீக்கிரம் போய்க் காட்டுங்க.

ரூம் தேடறதை நிறுத்திட்டேன். நேத்து சாப்பிடறப்போ "கு..கு.."ன்னு நான் நிக்க, அண்ணன் வழக்கம்போல குழம்புக் கரண்டியை நீட்டினார்.

குட்டி சொன்னான்: "அப்பா, மா..மாமா இன்னும் முடிக்கல."