பால்வாடிக்கும் அப்ரண்டீஸ் காலம் வேண்டும்

வடசென்னை கத்திவாக்கத்தில் அப்ரண்டீஸ் என்றால் என்னவென்று யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. எண்ணூர் லேலண்டிலும் திருவொற்றியூர் என்ஃபீல்டிலும் ஐடிஐ முடித்த பிள்ளைகள் மூத்த தொழிலாளி பக்கத்தில் நின்று கைபழகித்தான் ஃபிட்டர் ஆனார்கள், டர்னர் ஆனார்கள். இரும்பைத் தொடுவதற்கே இத்தனை பயிற்சி கேட்கும் ஊரில், மூன்று வயதுக் குழந்தையை நம்பி ஒப்படைக்கும் பால்வாடி டீச்சருக்கு அப்படி ஒரு காலம் கிடையாது.

அங்கன்வாடிக்குப் புதிதாக வரும் ஒவ்வொரு பணியாளருக்கும் முதல் ஓராண்டு, அனுபவமுள்ள டீச்சர் ஒருவரிடம் தொழில் பழகும் ஆண்டாக இருக்க வேண்டும். அதன் முடிவில் அரசு அங்கீகரித்த முன்பருவக் கல்விச் சான்றிதழ் கையில் கிடைக்க வேண்டும். இப்பகுதிப் பெற்றோரும் பால்வாடிகளில் வேலை செய்வோரும் சேர்ந்த எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு இதுதான்.

இதற்காகப் புதிதாக ஓராண்டைத் தேட வேண்டியதில்லை. 2025 நியமன அறிவிப்பின்படி, பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வரும் பணியாளருக்கு முதல் 12 மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம்; அதன் பிறகே கால முறை ஊதியம். காத்திருக்க வைக்கும் அந்த ஆண்டில் கற்றுக்கொடுக்கவும் செய்யுங்கள் என்கிறோம். 2023-இல் மத்திய அரசு தொடங்கிய ‘போஷண் பீ, படாயீ பீ’ திட்டம் பணியாளருக்கு மூன்று நாள் பயிற்சி தருகிறது. 2020 தேசியக் கல்விக் கொள்கையோ ஆறு மாதச் சான்றிதழைச் செல்போன் வழியாகவும் டிடிஎச் வழியாகவும் படிக்கச் சொல்கிறது. அந்தக் கொள்கையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை. அந்தச் சண்டைக்குள் நாங்கள் போகவில்லை. ஆனால் செல்போனில் படித்து வருகிற வேலையா இது?

முதல் நாள் வரும் குழந்தை நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு அலறும். அம்மாவுக்கு ஷிப்டுக்கு நேரமாகிவிட்ட பதற்றம். விரல்களைப் பிரித்து இழுக்காமல், பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, சொப்புச் சட்டி ஒன்றைக் கையில் கொடுத்து உள்ளே அழைத்துவரத் தெரிந்த டீச்சர்கள் இருக்கிறார்கள். அதைப் பக்கத்தில் இருந்து பார்த்துத்தான் கற்க முடியும். “நர்சரிக்குப் போற பிள்ளை ஏபிசிடி எழுதுது, நம்ம பிள்ளை ஆடிக்கிட்டே இருக்கே” என்று கேட்கும் பாட்டிக்குப் பதில் சொல்வதும் அப்படித்தான். மணி கோத்து, களிமண் உருட்டி, விரல் வலுத்த பிறகுதான் பென்சில். ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ கையேடு நல்ல கையேடு. ஆனால் எந்தக் குழந்தையின் விரல் எப்போது தயாராகிறது என்பதை அது சொல்லாது. இதற்கு நடுவில்தான் எடை பார்ப்பதும், முட்டைக் கணக்கும், போஷண் டிராக்கர் செயலியில் பதிவிடுவதும்.

பயிற்சியை அலட்சியப்படுத்தினால் என்ன ஆகும் என்று 2019-இல் பார்த்தோம். அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கினார்கள். நல்ல முடிவு. ஆனால் சொல்லிக்கொடுக்க அனுப்பியது, ஒன்றாம் வகுப்பு முதல் பாடம் நடத்தப் பயிற்சி பெற்ற இடைநிலை ஆசிரியர்களை. அவர்கள் எதிர்த்தார்கள், நீதிமன்றம் போனார்கள், 2022-இல் பள்ளிகளுக்கே திரும்பினார்கள். அந்த இடத்துக்கு மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியத்தில் தற்காலிக ஆசிரியர்கள் வந்தார்கள். தவறு அந்த ஆசிரியர்கள் மேல் இல்லை. சின்னக் குழந்தைகளுக்கென்று ஆசிரியரை உருவாக்கும் வழியே நம்மிடம் இல்லை.

அப்ரண்டீஸ் என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் உறுப்பினர்களில் பலர் முகம் சுளித்தார்கள். அதற்குக் காரணம் உண்டு. 1961-ஆம் ஆண்டு அப்ரண்டீஸ் சட்டம் பயிற்சியாளரைத் தொழிலாளியாக ஏற்பதில்லை. தொழிலாளர் சட்டங்களும் பொதுவாக அவருக்குப் பொருந்தாது. ஸ்டைபெண்டில் ஆள் எடுத்து, வருடம் முடிந்ததும் அடுத்த பேட்சைக் கூப்பிடும் வழக்கம் தெரியாத குடும்பம் வடசென்னையில் இல்லை. அங்கன்வாடிப் பணியாளர்கள் பணிக்கொடை பெறுவதற்கே உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. தீர்ப்பு வந்தது 2022 ஏப்ரலில்.

ஆகவே இந்தப் பயிற்சி ஆண்டை அந்தச் சட்டத்தின் கீழ் கொண்டுவரக் கூடாது. நியமன ஆணை முதல் நாளே வேண்டும். ஊதியம் 7,700-க்குக் கீழே இறங்கக் கூடாது. பயிற்சியில் இருப்பவரைக் காட்டிக் காலியிடத்தை நிரப்பிவிட்டதாகக் கணக்கு எழுதக் கூடாது. வாரத்தில் ஒரு நாள் சம்பளத்தோடு வகுப்பு. இங்கிலாந்தில் முன்பருவக் கல்வி அப்ரண்டீஸுக்குப் படிப்பு நேரம் சம்பள நேரத்துக்குள்ளேயே அடங்குகிறது. கற்றுக்கொடுக்கும் மூத்த டீச்சருக்குத் தனிப் படி தர வேண்டும். ஆயாக்களையும் மறக்க வேண்டாம். பணியாளர் இடங்களில் பாதியை, ஐந்தாண்டு அனுபவமுள்ள உதவியாளர்களுக்குப் பதவி உயர்வாகத் தர மத்திய விதிமுறையே இடம் தருகிறது. அவர்கள் குழந்தைகளோடு கழித்த ஆண்டுகளைப் பயிற்சிக் காலத்தில் கழித்துக்கொள்ள வேண்டும்.

சமூக நலத்துறை இதைத் திருவொற்றியூர் மண்டலத்தில் அடுத்த நியமனத்திலேயே தொடங்கலாம். எங்கள் மூத்த டீச்சர்கள் கற்றுக்கொடுக்கத் தயார். நியமன ஆணையும் சம்பளமும் இல்லாமல் பயிற்சி என்ற பெயரில் வேறெது வந்தாலும் எதிர்ப்போம்.